வேலியோர இலையும் ஒரு பச்சை வெளிச்சமும்

திருச்சியில் ஏறிய பஸ்ஸில் என் மடியிலிருந்த பெட்டியை முதலில் சந்தேகப்பட்டவர் கண்டக்டர்தான். வெள்ளைத் தெர்மகோல் பெட்டி, சுற்றிலும் பழுப்பு டேப். டிக்கெட் கொடுக்கும் சாக்கில் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது மீனா என்று கேட்டார். இல்லை, ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் மருந்து என்றேன். அவர் நம்பவில்லை. பின்னால் இருந்த அம்மாவிடம், கருவாடா இருக்கும் என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்த அம்மா ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

எங்கள் ஈப்போவில் பஸ்ஸில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார்கள். குளிர்சாதனம் ஓடும், ஆளாளுக்குக் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தூங்குவார்கள். இங்கே கீரனூர் வருவதற்குள் நான் மலேசியா என்பது, கல்யாணமாகவில்லை என்பது, என் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பது எனக்கே தெரியாது என்பது எல்லாம் பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. பெட்டிக்குள் இருப்பது மட்டும் யாருக்கும் விளங்கவில்லை.

கீரனூர் தாண்டியதும் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி வேலமரத்து நிழலில் நின்றோம். பெட்டிக்குள் இருந்த ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பில் எனக்கு உட்காரவும் முடியவில்லை. பக்கத்துப் பெட்டிக்கடையில் குளிர்ந்த தண்ணீர்ப் பாக்கெட்டுகளை வாங்கிப் பெட்டியின் மேல் அடுக்கி, துப்பட்டாவால் போர்த்தினேன். கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாருக்காவது கிட்னி கொண்டுபோகிறீர்களா என்று தணிந்த குரலில் கேட்டார்.

நான் கொண்டுபோனது இன்சுலினை அளக்கும் ஒரு கிட். நான் போன காரியமோ, வெளிப்படையாகச் சொன்னால், ஒருவரை வேவு பார்ப்பது.

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். செல்கள் தமக்குள் செய்துவைத்ததை எப்படி வெளியே சுரக்கின்றன என்று பார்ப்பது எங்கள் வேலை. ஒருவகை ஜெல்லி மீனின் உடலில் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்யும் மரபணுவை வேறொரு செல்லுக்குள் வைத்துவிட்டால் அந்தச் செல்லும் ஒளிரும். செல்லைக் கொல்லாமல், வெட்டாமல், உயிரோடு அதன் உள்வேலையைப் பார்க்கலாம். நாங்கள் வைத்திருப்பது அந்தப் புரதத்தில் திருத்தம் செய்த ஒரு வகை. புளிப்பான இடத்தில் அணைந்திருக்கும், புளிப்பு போனால் ஒளிரும். கணையத்தின் செல்கள் இன்சுலினைச் சின்னஞ்சிறு பைகளில் கட்டி வைத்திருக்கின்றன. பைக்குள் புளிப்பு. பை விளிம்புக்கு வந்து வாய் திறந்து இன்சுலினை வெளியே கொட்டும்போது புளிப்பு நீங்கி, அந்த இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்கும். உடனே புகைபோலப் பரவி மறைந்துவிடும். ஒரு மினுக்கு என்றால் ஒரு பை திறந்தது என்று அர்த்தம்.

அந்தச் செல்களைப் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் இருக்கும் டாக்டர் அமலாவுக்கும் அனுப்பியிருந்தோம். அவர் ஓர் இலையின் சாற்றை அவற்றின் மேல் விட்டு எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு எங்கள் பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். சாறு பட்டதும் தட்டு முழுக்கப் பச்சை. எங்கள் செல்கள் எங்களுக்கு ஒருநாளும் அப்படி ஒளிர்ந்ததில்லை. இலையின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

எனக்கு அந்த வீடியோ பிடிக்கவில்லை. புள்ளிகள் பரவவில்லை, வந்த இடத்திலேயே குத்திட்டு நின்றன. அதுவும் போக, வெவ்வேறு நாளில் எடுத்ததாகச் சொன்ன இரண்டு வீடியோக்களில் ஒரே மூலையில் ஒரே புள்ளி இருந்தது. ஒன்றையே வெட்டி ஒட்டி இரண்டாக்கியிருக்கிறார் என்று நினைத்தேன். பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சீனர், கோபம் வந்தால் மலாய்க்கு மாறிவிடுவார். போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வா, அங்கே போய்ச் சண்டை போடாதே என்று மலாயில் சொன்னார்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டாக்டர் அமலா ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, நூல் புடவை, தோளில் ஹெல்மெட் பட்டுக் கசங்கிய முந்தானை. பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. கனமில்லை என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டே பின்னால் ஏறினேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

திருக்கோகர்ணத்தில் அவர் வீட்டில் தங்கினேன். இடியாப்பமும் முட்டை மாஸும் வைத்தார். அவித்த முட்டையைத் துண்டாக்கி வெங்காய மசாலாவில் புரட்டியது. முட்டை சம்பல் தின்று வளர்ந்த எனக்கு அந்தக் காரம் புதிதாக இருந்தது. மூன்றாம் முறை போட்டுக்கொள்ளும்போது, இவ்வளவு நன்றாகச் சமைக்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு என் மனம் இருந்த நிலை அப்படி.

மறுநாள் ஆய்வகம். ஒரு மைக்ராஸ்கோப், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டீல் பீரோ. பழைய வீடியோக்களின் மூலக் கோப்புகளைக் கேட்டேன். பீரோவைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் கொடுத்துவிட்டு, நான் பார்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். காபி வேண்டுமா என்றுகூட எழுந்து போகவில்லை. இரண்டு வீடியோவிலும் இருந்த அந்த ஒரே புள்ளியைக் காட்டினேன். அவர் தட்டே இல்லாமல் கேமராவை ஓடவிட்டார். புள்ளி அங்கேயே இருந்தது. கேமராக் கண்ணாடியில் ஒட்டிய தூசி.

"இதக் கேக்கத்தான் அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தீங்களா?" என்றார். குரலில் கோபமில்லை. அதனால் எனக்குக் கூடுதலாகச் சங்கடமாக இருந்தது.

புதிய சாறு வேண்டும், இலை பறிப்பதை நான் நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் சரி என்றார். இலை அவருடைய அண்ணன் வீட்டு வேலியில் இருந்தது. ஆவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர், பல தலைமுறையாக வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்கள். ஆட்டோவில் போனோம். வழியில் ரோட்டில் காயப்போட்ட எள்ளின் மேலேயே ஏற்றி ஓட்டினார் டிரைவர். ஈப்போவில் இதற்கு அபராதம் போடுவார்கள் என்றேன். இங்கே ஏற்றாவிட்டால்தான் திட்டுவார்கள், ஏற்றினால்தானே எள் உதிரும் என்றார் அவர்.

அண்ணன் அருளப்பன் விவசாயி. நெடிய ஆள், ஆனால் சட்டை தொளதொளவென்று வேறொருவருடையது போலத் தொங்கியது. அவர் மனைவி ரீத்தா நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார். அருளப்பன் சாப்பிட்டதைவிடத் தண்ணீர் குடித்ததுதான் அதிகம். செம்பு செம்பாகக் குடித்தார். பேச்சின் நடுவே எழுந்து கொல்லைப்பக்கம் போனார், வந்தார், மறுபடியும் போனார். வெயில் அப்படி, நானும்தான் குடித்துக்கொண்டிருந்தேன் என்று விட்டுவிட்டேன்.

வேலியைப் பார்த்ததும்தான் எனக்கு உறுத்தியது. செடியில் இலையே இல்லை. உச்சியில் மட்டும் கொஞ்சம் பச்சை. ஆடு மேய்ந்துவிட்டது என்றார் அருளப்பன். ஆடு எட்டாத உயரத்திலும் மொட்டையாக இருந்தது. காம்புகள் மெல்லப்பட்டதாகத் தெரியவில்லை, நகத்தால் கிள்ளியதுபோல ஒரே சீராக இருந்தன. யாரோ இலையைப் பறித்து எங்கேயோ விற்கிறார்கள், ஒருவேளை டாக்டர் அமலாவே மருந்துக் கம்பெனி எதற்கோ கொடுக்கிறார் என்று எனக்குள் கணக்குப் போட்டேன். கேட்கவில்லை. ஏணி வைத்து உச்சி இலைகளைப் பறித்துக்கொண்டு திரும்பினோம்.

அடுத்த நாள் சாறு எடுத்தார்கள். டாக்டரின் மாணவி ஒருத்தி இலையை அரைத்து, ரசாயனங்களில் கரைத்து, வடித்து, காய்ச்சித் தூளாக்கினாள். எல்லாவற்றையும் நின்றே பார்த்தேன். மத்தியானம் அந்தத் தூளைக் கரைத்த சாற்றைச் செல்களின் மேல் விட்டோம். வீடியோவில் பார்த்தது அப்படியே நடந்தது. இருட்டாக இருந்த திரையில் ஆயிரக்கணக்கான பச்சைப் புள்ளிகள். என் எண்ணம் பாதி இடிந்தது. இந்த அம்மாள் எதையும் வெட்டி ஒட்டவில்லை.

அந்தத் தட்டிலிருந்த திரவத்தைக் கொஞ்சம் எடுத்து என் கிட்டின் சின்னக் குழிகளில் விட்டேன். இன்சுலின் வெளியே வந்திருந்தால் மஞ்சளாகும். சர்க்கரை பட்டால் செல்கள் இன்சுலினைக் கொட்டும் என்பதால் ஒப்பிடுவதற்காகச் சர்க்கரைத் தண்ணீர் விட்ட செல்களின் குழி நல்ல மஞ்சளானது. சாறு விட்ட செல்களின் குழி, எதுவுமே விடாத செல்களின் குழியைப் போல வெளிறிக் கிடந்தது. திரும்பச் செய்தோம். திரும்பவும் அதேதான்.

டாக்டர் அமலா ஐஸ் உருகி கிட் கெட்டிருக்குமோ என்றார். அப்படியென்றால் சர்க்கரைத் தண்ணீர்க் குழி எப்படி மஞ்சளாகும் என்று கேட்டேன். அவர் மைக்ராஸ்கோப்பில் போய் உட்கார்ந்து, ஒளிர்ந்துகொண்டிருந்த செல்களின் மேல் சுத்தமான திரவத்தை விட்டுச் சாற்றைக் கழுவினார். புள்ளிகள் எல்லாம் அணைந்தன. கொட்டித் தீர்ந்த பைகளாக இருந்தால் புள்ளிகள் முன்பே பரவி மறைந்திருக்கும், கழுவும்வரை நிற்காது. பைகள் மூடியபடியே உள்ளுக்குள் இருந்திருக்கின்றன. எதுவோ உள்ளே புகுந்து புளிப்பை மட்டும் போக்கியிருக்கிறது. ஒன்றும் வெளியே வராமலே விளக்கு எரிந்திருக்கிறது.

அவர் இன்னொரு தட்டையும் கழுவிப் பார்த்தார். பிறகு மாணவியைக் கூப்பிட்டு, சாறு எடுக்கும் வேலை முழுவதையும் முதலிலிருந்து இன்னொரு முறை செய்யச் சொன்னார், இலையைப் போடாமல். அந்த யோசனை எனக்கு வந்திருக்கவில்லை. தன் கண்டுபிடிப்பைக் கொல்லும் கத்தியைத் தானே எடுத்துக் கொடுக்கிறவரை மோசடிக்காரர் என்று நான் எப்படி இனி நினைப்பது?

இலையில்லாத அந்தச் சாற்றை விட்டதும் திரை மறுபடியும் பச்சையானது. இலைச்சாற்றைப் பிரிக்க அம்மோனியா சேர்ப்பார்கள். காய்ச்சின பிறகும் அது கொஞ்சம் தங்கியிருக்கிறது. பைகளின் புளிப்பைப் போக்கியது அதுதான். இலைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அப்போதுதான், வேறு எதையோ பேசுவதுபோல, உங்கள் அண்ணன் வேலியை ஆடு மேயவில்லை டாக்டர் என்று சொன்னேன். யாரோ கிள்ளியிருக்கிறார்கள் என்றேன். என்னைப் போல அவர் கம்பெனி என்று நினைக்கவில்லை. முகம் மாறியது.

"எங்கண்ணனுக்கு சுகர்" என்றார். "ஊசி போட்டுக்கிட்டிருக்காரு."

எங்கள் ஊரில் இனிப்பு நீர் என்போம். எந்தப் பெயரில் சொன்னாலும் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதும் சட்டை தொளதொளப்பதும் ஒன்றுதான். முந்தின நாள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்த்த நான், பார்க்க வேண்டியதை வெயிலின் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

மைக்ராஸ்கோப்பை அணைக்கக்கூட இல்லை, கிளம்பிவிட்டோம். இந்த முறை ஸ்கூட்டர். வழியில் அவர் சொன்னார்: கிறிஸ்துமஸுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனில் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார். ஒளிரும் ஒவ்வொரு புள்ளியும் இன்சுலின் என்று விளக்கியிருக்கிறார். யாரும் இதைக் குடிக்கக் கூடாது, இன்னும் பல வருஷ வேலை இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். அண்ணன் தலையாட்டியிருக்கிறார்.

அருளப்பன் கட்டிலில் படுத்திருந்தார். இலையைக் குடிக்கவே இல்லை என்றார். ஊசி ஒழுங்காகப் போடுகிறேன் என்றார். ரீத்தா பிரிட்ஜைத் திறந்து காட்டினார். இன்சுலின் மருந்துகள் சீல் உடைக்காமல் வரிசையாக இருந்தன. தவக்காலம் தொடங்கினதிலிருந்து போடவில்லை என்றார் ரீத்தா. அதற்குப் பதில் காலையும் மாலையும் இலைக் கஷாயம்.

டாக்டர் அமலா சுகர் பார்க்கும் மெஷினை எடுத்து அண்ணனின் விரலில் குத்தினார். மெஷின் எண் காட்டவில்லை. 'ஹை' என்பதற்கு HI என்று இரண்டு ஆங்கில எழுத்து மட்டும் வந்தது. மெஷினால் சொல்ல முடியாத அளவு ஏறிவிட்டால் அப்படித்தான் காட்டும். அருளப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன, எனக்கு வணக்கம் சொல்லுதா என்று கேட்டார். சிரிக்கவும் முயன்றார். நாக்கு உலர்ந்து வார்த்தை ஒட்டிக்கொண்டு வந்தது.

கார் பிடித்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். நான் முன் சீட்டில். பின்னால் டாக்டர் அமலா, ஏன் அண்ணே இப்படிச் செஞ்சே, ஏன் இப்படிச் செஞ்சே என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் கண்ணை மூடியபடி ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னார்.

"வெளிச்சத்த நீதானத்தா காட்டுன."



ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். குளுக்கோஸுக்குப் பதில் உப்புநீர் ஏற்றி, ஊசி மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். நான் ஊருக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்டேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேராசிரியருக்குப் போன் செய்து, இலையைப் பற்றி எழுதவிருந்த கட்டுரை இல்லை என்றேன். அவர் முதலில் கேட்டது, அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்பதுதான். அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் அருளப்பன் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல், குடித்தது தான் மட்டும் அல்ல என்ற சேதியைச் சொன்னார். தங்கச்சி கண்டுபிடித்த மருந்து என்று ஊருக்குள் சொல்லியிருக்கிறார். பூசைக்கு வருகிறவர்கள் போகிறபோக்கில் வேலியில் கிள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். எத்தனை பேர் ஊசியை விட்டார்கள், எத்தனை பேர் மாத்திரையை விட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு டாக்டர் அமலா கோயில் வாசலில் நின்று பேசினார். நான் தூணோரம் நின்றேன். மினுக்கு, பை, புளிப்பு என்று எதையும் அவர் சொல்லவில்லை. தான் காட்டிய வெளிச்சம் இலையால் வந்ததில்லை, தான்தான் தப்பாகப் புரிந்துகொண்டது, அந்த இலை சுகருக்கு மருந்து என்று சொல்லத் தன்னிடம் எந்த ஆதாரமும் கிடையாது என்றார். சொல்லி முடிக்கும்வரை கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

கூட்டம் நம்பவில்லை. பலர் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார்.

"இத்தன மாசம் வேல செஞ்ச எலை, மலேசியாக்காரம்மா வந்து நாலு நாள்ல வேல செய்யாமப் போச்சா? அங்கிட்டு கொண்டுபோயி மாத்திரையாப் போட்டு நமக்கே விப்பாங்க. நாங்க பாக்காததா?"

முணுமுணுப்பு எழுந்தது.  எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஒரு வாரம் முன்பு அமலாவைப் பற்றி நான் நினைத்ததும் இதே மாதிரிதானே. ஒரு வித்தியாசம், நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அருளப்பன் ரீத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி இன்னும் இருந்தது.

"எந்தங்கச்சி குடிக்காதேன்னுதான் சொல்லுச்சு. குடிச்சது நானு. ஒங்களுக்கு எலையக் குடுத்ததும் நானு. மெஷின்ல நம்பரே வரல, பொழச்சு வந்துருக்கேன். ஊசிய விட்டவங்க, மாத்திரைய விட்டவங்க இன்னைக்கே டாக்டரப் பாருங்க. பழைய அளவுக்கு நீங்களாப் போட்டுக்காதீங்க, பாத்துட்டுப் போடுங்க."

யாரும் கைதட்டவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டே போய்விட்டார். ஆனால் கூட்டம் கலைந்ததும் ஒரு பெண் வந்து தன் வீட்டுக்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டதாக டாக்டர் அமலாவிடம் மெதுவாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அப்புறம் ஒரு கிழவரும் மகளும். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு டாக்டர் அமலா புதுக்கோட்டைக்கு ஆட்டோவில் கிளம்பினார். எனக்கு இடமில்லை. பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றேன். கிளம்பும்போது அவர் முதல் தடவையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "பாத்து வாங்க கலைவாணி" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்பே ஓர் அம்மா நின்றிருந்தார். பூசையில் பார்த்த முகம். பை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். அதன் வாயில் அந்த இலைகள் எட்டிப் பார்த்தன. என்னைக் கண்டதும் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். நெடுநேரம் என்னை மேலும் கீழும் பார்த்த பிறகு கேட்டார்.

"எலை நெசமாவே வேல செய்யலையா, இல்ல எங்கிட்ட சொல்லாம வச்சிருக்கீங்களா?"

வேலை செய்வதாகத் தெரியவில்லை, தெரிந்தால் ஒளிக்க மாட்டேன் என்றேன். அவர் என் கண்ணையே பார்த்தார். ஊசி போடுகிறீர்களா என்று கேட்டேன். போட்டுக்கொண்டிருந்தேன், விட்டுவிட்டேன் என்றார்.

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. கீரனூர்ப் பக்கம் போகும் பஸ்ஸுக்காக நின்றிருந்தாராம், அங்கே அவருக்குப் பழக்கமான டாக்டர் இருக்கிறார். நான் ஏறிப் படியில் நிற்கும்போது அவர் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"டாக்டரப் பாத்து ஊசியப் போட்டுக்கிறேன். எலையையும் விட மாட்டேன், பாத்துக்கங்க."

டாக்டரிடம் அந்த இலையையும் காட்டுங்கள் என்றேன். பார்ப்போம் என்றார், பையை இறுக்கிக்கொண்டே.